பின்சுவரில் ஒரு பெஞ்சு

1916 மார்ச் 12

வந்து சேர்ந்தாயிற்று. முன்வரிசை! பஸ்ராவிலிருந்து ஆற்றோடு எங்களை இழுத்து வந்த படகு சேற்றில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மண்வெட்டியும் பிக்காசும் தோளில் சுமந்தபடி முழங்கால் சேற்றில் நடை. மற்றவர்கள் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு சேற்றிலும்.

இந்த மெசபடோமியாவில் மலை இல்லை, மரம் இல்லை, எடுத்து எறிய ஒரு கல்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டு மாதிரி தட்டை. அந்தத் தட்டில் துருக்கிக்காரன் ஒரு கோடு வெட்டி உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறான். எதிரில் நாங்கள் ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையில் டைக்ரிஸ் ஆறு, மறுமுனையில் சதுப்பு. சுற்றிப் போக வழி கிடையாது. போனால் நேராகத்தான் போக வேண்டும்.

அவன் கோட்டுக்கு அப்பால், ஒரு நாள் நடையில், குட் என்று ஓர் ஊர். எங்கள் மதராஸ் ஆட்கள் அதைக் குட்டூர் ஆக்கிவிட்டார்கள். குட்டூருக்குள் நம் பட்டாளம் ஒன்று டிசம்பரிலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அதில் என் அண்ணன் பெரியநாயகமும் ஒருவன். ஆஸ்பத்திரி வார்டில் வேலை. போன வருஷமே வந்தவன்.

அவனை வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை. சரி, கூட இருக்கிற ஆயிரக்கணக்கான பேரையும்தான்.

நான் திருச்சிப் பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தபோது அண்ணன் ஒன்றுதான் சொன்னான். “ஒரே ஒரு காரியத்தையாவது முழுசா முடிச்சுக் காட்டுடா.” காட்டுகிறேன். குட்டூர் வாசலில் நின்று காட்டுகிறேன்.

மார்ச் 15

வேலை தொடங்கிவிட்டது. என்ன வேலை என்று எழுதி வைக்கிறேன், ஊருக்குப் போனால் ஒருவனும் நம்ப மாட்டான்.

அவன் கோடும் எங்கள் கோடும் ஆள் மறையும் பள்ளம், டிரெஞ்சு என்பார்கள். இரண்டு டிரெஞ்சுக்கும் நடுவில் வெட்டவெளி. அதில் எழுந்து ஓடினால் துருக்கிக்காரனின் மிஷின் துப்பாக்கி படுக்க வைத்துவிடும். ஜனவரியில் அப்படி ஓடியவர்கள் இன்னும் முள்கம்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறார்கள். அதனால் நாங்கள் வெளியே தலை காட்டாமல், எங்கள் டிரெஞ்சிலிருந்து முன்னால் பார்த்து ஒரு நீளப் பள்ளம் தோண்டிக்கொண்டே போகிறோம். முனையில் ஒருவன் மண்டியிட்டு வெட்டுவான், பின்னால் இருப்பவன் மண்ணை வாரி இரண்டு பக்கமும் போடுவான். இங்கிலீஷில் அதற்குப் பேர் சாப். நாங்கள் வாய்க்கால் என்கிறோம். அவன் மூக்குக்குப் பக்கம் போனதும் குறுக்கே ஒரு புது டிரெஞ்சு வெட்ட வேண்டும். அங்கிருந்து பாய்ந்தால் ஓட வேண்டிய தூரம் கொஞ்சம்தான். அருமையான யோசனை. யாருக்குத் தோன்றியதோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

முனையில் வெட்டுவது நான். பின்னால் வாருவது ஏகாம்பரம், ஆற்காட்டுக்காரன். பூமியிலுள்ள எல்லாச் சோம்பலையும் அவன் ஒருவனே வாங்கி வந்திருக்கிறான்.

“இன்னாடா அவசரம்?” என்கிறான். “துருக்கிக்காரன் எங்க போவப் போறான்? அங்கியேதான குந்திகினு கீறான்.”

எங்கள் ஹவில்தார் காதர் வாணியம்பாடிக்காரர். நான் படித்தவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் பேர் பள்ளிக்கூடம். “டேய் பள்ளிக்கூடம், வெட்டுறதுல சூரன்டா நீ. அளந்து வெட்டுறதுல பூஜ்யம்.”

மார்ச் 16

கையெல்லாம் கொப்புளம். வேலை பிரமாதம்.

மார்ச் 22

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். வாய்க்கால் முனையில் காதைத் தரையில் வைத்தால் டொக் டொக் என்று கேட்கிறது. அவனும் தோண்டுகிறான்! எங்களைப் பார்த்து வரவில்லை, பின்பக்கம். முதல் வரிசைக்குப் பின்னால் இரண்டாவது, அதற்குப் பின்னால் மூன்றாவது. நேற்று ஏரோப்ளேனில் பறந்து பார்த்த துரை படம் வரைந்து கொண்டுவந்திருக்கிறார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் முன்னால் ஒரு முழம் போனால் அவன் பின்னால் ஒரு முழம் கனமாகிறான். அப்படியானால் வேகமாக வெட்டுகிறவன்தானே ஜெயிப்பான்? ஏகாம்பரத்திடம் சொன்னேன்.

“அப்ப ரெண்டு பேரும் வேகமா வெட்னா?” என்றான்.

சோம்பேறிகளுக்குத்தான் இப்படியெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்.

ஏப்ரல் 2

மூன்று நாள் மழை. வாய்க்கால் நிஜமாகவே வாய்க்கால் ஆகிவிட்டது. தகர டப்பாவால் இறைத்தோம். நான் பாட்டுப் பாடினேன், ஹவில்தார் நிறுத்தச் சொன்னார், துருக்கிக்காரன் பக்கத்திலிருந்து ஒருவன் கை தட்டினான். சத்தியமாக!

குட்டூரில் குதிரைகளை வெட்டித் தின்கிறார்களாம். கம்பியில்லாத் தந்தியில் செய்தி வருகிறது. அண்ணன் கறி என்றாலே முகம் சுளிப்பான். தின்றிருப்பான். தின்ன வேண்டும்.

ஏப்ரல் 7

புது டிரெஞ்சு! வாய்க்காலின் முனையிலிருந்து இடமும் வலமும் பிரித்து வெட்டி முடித்தோம். ஆள் நின்றால் தலை மறையும் ஆழம். முன்சுவரில் ஒரு படி வெட்டியிருக்கிறோம். சிப்பாய் அதன்மேல் ஏறி நின்றால்தான் வெளியே பார்த்துச் சுட முடியும், பாய்வதற்கும் அதுதான் ஏணி. படி இல்லாத டிரெஞ்சு வெறும் குழி, விழுந்து கிடக்கலாம், அவ்வளவுதான்.

இன்று காவலுக்கு வந்தவர்கள் சீக்கியர்கள். படியில் காவல் நிற்க வேண்டும், கீழே தண்ணீர், உட்கார இடமில்லை, இரவும் பகலும் நின்றபடியே. அவர்களில் கேஹர் சிங் என்று ஒருவர், தாடியில் பாதி நரை, கால் வீங்கிப் பூட்ஸை அவிழ்க்க முடியவில்லை. பார்த்ததும் எனக்கு யோசனை பளிச்சென்று வந்தது. பின்சுவர் சும்மாதானே கிடக்கிறது? முழங்கால் உயரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு வெட்டினேன். முதுகு சாய, சுவரைக் கொஞ்சம் சரித்தும் விட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள்.

கேஹர் சிங் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பிறகு என் தலையில் கை வைத்து, “ஷாபாஷ், மதராஸி” என்றார்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைக்காத வாத்தியாரே கிடையாது. இன்று பெஞ்சுக்கே எஜமான் நான்.

ஏப்ரல் 11

பெஞ்சு பேர்பெற்றுவிட்டது. அந்தக் கோடி வரைக்கும் வெட்டிக் கொடு என்று சிப்பாய்களே கேட்டார்கள். வெட்டிக் கொடுத்தேன், மொத்த நீளத்துக்கும். துரைகூட உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

காதர் ஹவில்தார் மட்டும் வந்து பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“டேய் பள்ளிக்கூடம். ஒரு டிரெஞ்ச புடிச்சா மொதல் வேலை என்ன?”

“படிய மாத்தி வெட்டுறது ஐயா.”

“ஏன்?”

“அவன் படி நம்ம பக்கம் பாத்து இருக்கும். நமக்கு அந்தப் பக்கம் வேணும்.”

“அத வெட்டி முடிக்கிற வரைக்கும் புடிச்சவன் சுட முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்துலதான் போனத திருப்பி எடுக்க முடியும். நாளைக்கு அவன் இத புடிச்சான்னு வையி. நம்ம பக்கம் பாத்த படிய, பெஞ்சுங்கிற பேர்ல நீயே அவனுக்குத் தயாரா செஞ்சு வச்சிருக்க. தூத்துடா இத.”

தூர்க்க வேண்டுமாம். அவன் எதற்கு இதைப் பிடிக்கப் போகிறான்? நாங்கள் அல்லவா அவனுடையதைப் பிடிக்கப் போகிறோம்! கேஹர் சிங் அதில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15

ஏரோப்ளேன் ஏழெட்டு, மாவு மூட்டை கட்டிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலே குட்டூர் பக்கம் போயின. வானத்திலிருந்து அரிசி மாவு போடுகிற காலம் வந்துவிட்டது! டிரெஞ்சு முழுவதும் கத்தினோம். ஒரு மூட்டை ஆற்றில் விழுந்தது. மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு கைப்பிடி அண்ணனுக்கும்.

ஏப்ரல் 16

நாளைக்கு! விடிந்ததும் பீரங்கி, அது ஓய்ந்ததும் சிப்பாய்கள் பாய்வார்கள், பின்னால் நாங்கள் மண்வெட்டியோடு. துருக்கிக்காரன் டிரெஞ்சைப் பிடித்ததும் படியை மாற்றி வெட்ட வேண்டும். என் மண்வெட்டியைச் செங்கல்லில் தீட்டிச் சவரக்கத்தி ஆக்கி வைத்திருக்கிறேன்.

ஹவில்தார் போகிற போக்கில் பெஞ்சைத் தூர்த்தாயிற்றா என்றார். ஆகிறது ஐயா என்றேன். நாளை மறுநாள் குட்டூரில் இருப்போம். பெஞ்சாம் பெஞ்சு.

அண்ணனுக்கு என்று சர்க்கரைக் கட்டி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். எறும்பு மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 17

முதலில் நல்லதை எழுதுகிறேன். பிடித்தோம்! அவன் முதல் வரிசையைப் பிடித்தோம். பீரங்கி அடித்த அடியில் பூமியே கொதித்தது. சிப்பாய்கள் பாய்ந்தார்கள். சேறு பூட்ஸைப் பிடுங்கியது. முள்கம்பி பாதிதான் அறுந்திருந்தது. ஆனாலும் போய்விட்டார்கள், நானும் ஏகாம்பரமும் பின்னாலேயே போய்விட்டோம். துருக்கிக்காரன் டிரெஞ்சுக்குள் நின்று அவன் மண்ணை வெட்டினேன். எங்கள் மண்ணைவிட இளக்கம்.

பிறகு யாரும் வரவில்லை. துணைக்கு வர வேண்டியவர்கள் பின்னால் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தார்கள், சிலர் எழுந்திருக்கவே இல்லை. டெலிபோன் கம்பி அறுந்துபோனது. பீரங்கிக்காரர்களுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. அவனுக்கோ பின்னாலேயே இரண்டாவது வரிசை, அதிலிருந்து பள்ளத்தின் வழியாகவே, குண்டு படாமல், புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தாக்குகிறவன் வெட்டவெளியில் வர வேண்டும், தடுக்கிறவன் பள்ளத்தில் நடந்து வந்தால் போதும். வந்தார்கள். நாங்கள் ஓடினோம்.

அவர்கள் நிற்கவில்லை. எங்கள் புது டிரெஞ்சு வரைக்கும் துரத்தி வந்து அதில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் வாய்க்கால் வழியே பழைய டிரெஞ்சுக்கு ஓடி வந்தோம். சீக்கியர்கள் அந்த நிமிஷமே திரும்பிப் பாய்ந்தார்கள். துருக்கிக்காரன் சுதாரிப்பதற்குள் திருப்பி எடுத்துவிடலாம் என்றுதான். சரியான நேரம். சரியான யோசனை.

துருக்கிக்காரன் உடனேயே சுட்டான். இறங்கிய கையோடு ஏறி நின்று வரிசையாகச் சுட்டான்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி நம் பக்கம் திரும்பினான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 18

மழை.

ஏப்ரல் 19

நேற்று சாயந்தரம் புது டிரெஞ்சின் இடது பாதியைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். பெரிய வெற்றி என்று துரை சொன்னார். வலது பாதி அவனிடம். நடுவில் மண்மூட்டை அடுக்கி அடைக்கச் சொன்னார்கள். அடைத்தோம். அந்தப் பக்கமும் மூட்டை அடுக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு அடைப்புக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கிற இடம் இருக்கும். ஒரே டிரெஞ்சு, நான் வெட்டியது, பாதி எனக்குப் பாதி அவனுக்கு. உலகத்தில் எந்தக் கொத்தனாருக்கும் இப்படி நடந்திருக்காது!

கேஹர் சிங் வாய்க்காலுக்குப் பக்கத்தில் வெளியே கிடக்கிறார். பூட்ஸை வைத்து அடையாளம் தெரிந்தது. எடுக்கப் போக முடியவில்லை.

ஏப்ரல் 21

எங்கள் பாதியில் இருந்த பெஞ்சை வெட்டி எடுத்துவிட்டேன். சுவர் நேராகிவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். காதர் ஹவில்தார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் என்று கூப்பிடவில்லை. “சவரிமுத்து, தண்ணி குடி” என்றார்.

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 25

ஒரு நீராவிக் கப்பல் நிறைய உணவு ஏற்றிக்கொண்டு, துருக்கிக்காரன் கண்ணெதிரே ஆற்றிலேயே குட்டூருக்குப் பாய்ந்தது! என்ன தைரியம்! நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டு அவன் கவனத்தைத் திருப்பினோம். தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன்.

கப்பல் பாதி வழியில், அவன் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் சிக்கிக்கொண்டதாம்.

பரவாயில்லை. இடது பக்கத்திலிருந்து இன்னொரு வாய்க்கால் தொடங்கிவிட்டோம். நான்தான் முனையில். இந்த முறை அளந்து வெட்டுகிறேன்.

ஏப்ரல் 29

மத்தியானம் துருக்கிக்காரன் டிரெஞ்சு முழுக்க ஒரே கூச்சல், கொட்டு, பாட்டு. சுடவே இல்லை. அடைப்புக்கு மேலே ஒருவன் ஒரு ரொட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு, குட்டூர் இருக்கிற திசையைக் கைகாட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். சரணடைந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பொய் சொல்கிறான் என்றேன். சாயந்தரம் துரையும் வந்து, சரணடைந்துவிட்டார்கள் என்றே சொன்னார்.

என் கையில் மண்வெட்டி இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஏகாம்பரம் அள்ளிப் போட்டான்.

மே 8

நல்ல செய்தி, நல்ல செய்தி! குட்டூரில் இருந்த நோயாளிகளைத் துருக்கிக்காரன் படகில் ஏற்றி நம்மிடம் அனுப்புகிறான். ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் கேட்டார்கள். முதல் கை என்னுடையது. சர்க்கரைக் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆட்களா அவை? போர்வைக்குள் வெறும் குச்சி. தூக்கினால் காலி ஸ்ட்ரெச்சர் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மூன்றாவது படகில் பொன்னுரங்கம் என்று ஒரு பெங்களூர்த் தமிழர், ஆஸ்பத்திரிச் சமையல்காரர். அண்ணன் பேரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியநாயகமா? என்னத் தூக்கிட்டு வந்து இந்தப் படகுல போட்டதே அவருதாம்பா.”

“அவன் எங்க?”

“நடக்க முடிஞ்சவங்கள எல்லாம் தனியா நிக்க வெச்சாங்க. கைதிங்க. வடக்க, பாலைவனத்து வழியா நடத்திக் கூட்டிட்டுப் போறாங்களாம். படுத்துக்கய்யா, ஒன்னையும் சீக்குன்னு எழுதிக்குவாங்கன்னு நான் சொன்னேன். படகுல எடம் கம்மி, எனக்குத்தான் கால் நல்லா இருக்கேன்னு திரும்பிப் போய் வரிசையில நின்னுட்டாரு.”

என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

“பீரங்கிச் சத்தம் கேக்கறப்பல்லாம் சொல்வாரு. வெளிய என் தம்பி தோண்டிட்டு இருக்கான், அவனுக்குப் பொறுமையே கெடையாது, சீக்கிரம் வந்துருவான்னு.”

சர்க்கரைக் கட்டியை அவர் வாயில் போட்டேன். கரையும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

திரும்பி ஓடி வந்து ஏகாம்பரத்திடம் சொன்னேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான்! கால் நன்றாக இருக்கிறது! நடக்கிறான்! சின்ன வயதில் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கே நடந்து போனவன், அவனுக்கு இந்தப் பாலைவனம் எம்மாத்திரம்? ஏகாம்பரம் தலையாட்டினான். பிறகு தன் பங்கு ரொட்டியை எனக்குக் கொடுத்தான். அவன் யாருக்கும் ரொட்டி கொடுத்து நான் பார்த்ததில்லை.

மே 9

தலைவலி. வெயில்தான்.

மே 24

வெயில் சட்டியில் வறுக்கிறது. இனி சூடு தணிகிற வரைக்கும் தாக்குதல் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். போவதற்குத்தான் ஊரே இல்லையே. இருந்தாலும் யாரும் இடத்தைவிட்டு நகர்வதாக இல்லை. நாங்கள் போனால் அவன் வந்துவிடுவான், அவன் போனால் நாங்கள். அதனால் தோண்டுகிறோம். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை, மேலே பாய்க் கூரை, சமையலுக்கு ஒரு குழி, தண்ணீருக்கு ஒரு குழி. அந்தப் பக்கமும் டொக் டொக். தோண்டத் தோண்டப் போர் பத்திரமாகிறது.

இன்று காலையில் அடைப்பில் நானும் ஏகாம்பரமும் காவல். அவன் குச்சியில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியை மூட்டைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று குனிந்து ஜாம் டப்பா குண்டை எடுத்தான். டப்பாவில் மருந்தும் ஆணியும் அடைத்துத் திரி வைத்தது, நாங்களே செய்வது.

“ஒருத்தன் ஒண்டியா குந்திகினு கீறான்டா. போட்டுடட்டா?”

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். துருக்கிக்காரன் பாதியில் பின்சுவர் அப்படியே இருக்கிறது. என் பெஞ்சு. இப்போது அவர்கள் அதே சுவரில் கொஞ்சம் தள்ளித் தங்கள் படியைத் தனியாக வெட்டிக்கொண்டுவிட்டார்கள், பெஞ்சின்மேல் ஏறி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அதில் ஒருவன், என் வயதுதான் இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, காலில் சுற்றிய கந்தலைப் பிரித்து, விரல் நடுவில் ஊதிக்கொண்டிருந்தான். பிறகு பின்னால் சாய்ந்தான். சுவரின் சரிவு அவன் முதுகுக்கு அளந்து வைத்த மாதிரி பொருந்தியது. கண்ணை மூடிக்கொண்டான். கேஹர் சிங்கும் அப்படித்தான் மூடினார்.

ஏகாம்பரம் திரியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினான்.

“வேணாம்” என்றேன்.

“ஏன்டா?”

“இப்பதான் ஒக்காந்திருக்கான்.”

ஏகாம்பரம் என்னையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குண்டைக் கீழே வைத்துவிட்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அவன் பாதமும் வீங்கியிருந்தது. இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

மண்வெட்டியை எடுத்தேன். எங்கள் பக்கப் பின்சுவரில், நானே நேராக்கிய இடத்தில், முழங்கால் உயரத்தில் கோடு போட்டேன். அளந்துதான். பாதி வெட்டியபோது காதர் ஹவில்தார் வளைவில் வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை.

“என்னடா பண்ற?”

“பெஞ்சு, ஐயா.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் மூட்டை அடைப்பைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். மேலே பாய்க் கூரையைப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் அகலமா வெட்டுடா, பள்ளிக்கூடம்” என்றார். “படுக்கிற மாதிரி.”